உடனே மேடேறவும்

குறுஞ்செய்தி என்றால் குறுகத்தான் இருக்க வேண்டும், ஐயா. ‘அணை திறக்கப்படுகிறது. ஆற்றை விட்டு உடனே மேடேறவும்.’ இதற்கு மேல் ஒரு சொல் போட்டாலும் ஜனங்கள் படிக்க மாட்டார்கள்.

சரவணம்பட்டி ஆபீஸில் இந்தச் செய்தியை அனுப்பும் மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. என்ன வாசகம், எந்தக் குழுவுக்கு என்று அமைத்து வெளியிட வேண்டும். போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஆற்றங்கரையில் ஒரு நிஜ போன் தேவை. சத்தியமங்கலம் பக்கம், பவானிக் கரையில் ஒதுக்குப்புறமாகத் தோட்டம் வைத்திருந்த என் அக்கா வீட்டுக்காரர் அரங்கசாமி மச்சானின் நம்பரைச் சேர்த்தேன்.

முதல் தடவை, வாசகத்தின் தலையில் ‘சோதனை’ என்று போட மறந்துவிட்டேன். அது என் தப்புதான். மச்சான் எருமையை இழுத்துக்கொண்டு, வேட்டி அவிழ்ந்ததுகூடத் தெரியாமல் மேடேறி ஓடியிருக்கிறார். என்னிடம் மட்டும் சொல்லித் திட்டியிருந்தால் முடிந்திருக்கும். என் நிச்சயதார்த்தப் பந்தியில், பெண் வீட்டார் முன்னால் ஓடிக் காட்டினார்.

"மாப்ள உட்ட தண்ணி இன்னும் வந்து சேரலீங்க" என்றார்.

பந்தியே புரையேறச் சிரித்தது. அன்றிலிருந்து சொந்தத்தில் எனக்கு ‘டெஸ்ட்டு மாப்ள’ என்று பேர். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருத்தர், "தண்ணி வந்துருச்சுங்களா?" என்பார். நானும் சிரிப்பேன். வயிறு எரியும்.

பிறகு ஒருதடவையும் ‘சோதனை’ போட மறக்கவில்லை. மச்சான் தங்கமான மனுஷர், அதையும் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை அனுப்பியதற்கு மாப்பிள்ளையிடம் பதில் சொல்லாமலிருந்தால் மரியாதை இல்லை என்று நினைப்பவர். ஒவ்வொரு செய்திக்கும் போன் போட்டு, "வந்துருச்சுங்க மாப்ள" என்பார்.

போன மழைக்கு அணையை நிஜமாகவே திறந்தார்கள். செய்தியை நானே அமைத்தேன். டீம் லீடர் ரூபினா பக்கத்தில் நின்று சரிபார்த்து, போய்ச் சேர்ந்ததும் தோளில் தட்டிவிட்டுப் போனார். அப்போது மச்சான் கூப்பிட்டார். ஆற்றுக்குள் இறங்கி மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தாராம்.

"ஏனுங்க மாப்ள, இதுல சோதனைன்னு போடலீங்களே?"

"அதை எடுத்துப்போட்டு எப்படிப் போவுதுன்னுதானுங்க மச்சான் இன்னிக்குப் பாக்கறோம்."

"நல்லவேளை கேட்டனுங்க. மறுக்கா ஓடியிருப்பேன்" என்று சிரித்தார். "செரிங்க, மோட்டாரைக் கழட்டிப்போட்டு நிதானமா ஊட்டுக்குப் போறனுங்க."

நானும் சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தேன்.

அக்காவுக்கு அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. எனக்கும் வருத்தம்தான், ஐயா. ஆனால் நீங்களே ரூபினாவைக் கேட்டுப் பாருங்கள். வாசகம் சரி, நம்பர் சரி, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மச்சான் செய்தியை விட்டுவிட்டு ஆளை நம்பினார். அந்தக் குறையை என் வேலையின் பேரில் எழுத முடியாது.