டவரம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள்

— இன்னொரு தடவை சொல்லுங்க டவரம்மா. முழுசா சொல்லுங்க, மழுப்ப வேண்டாம்.

— முழுசாத்தான் சொல்றேன் தபாலண்ணே. ஓடுபாதைக்கு மேல தாழப் பறந்து போனீங்களே, அப்ப விமானத்தோட அடிவயிறு நல்லாத் தெரிஞ்சுது. மூணு சக்கரமும் உள்ளேயேதான் இருக்கு. ஒண்ணுகூட எட்டிப் பாக்கலை.

— மூக்குக்குக் கீழ இருக்கறதாவது?

— அதோட மூடியே திறக்கலை.

— அப்ப விளக்கு பொய் சொல்லலை. சக்கரம் இறங்கினா எரியற பச்சை எரியலைன்னதும் பல்பு போயிடுச்சுன்னு நினைச்சேன். பாருங்க, கெட்ட காலத்துல மனுஷன் பல்பு மேலதான் பழியைப் போடுவான்.

— கையால சுத்தி இறக்கறதுக்கு ஒரு பிடி இருக்குமே, அது? உறுதி பண்ணுங்க.

— உறுதி பண்ணியாச்சு. சுத்தச் சுத்த சுத்திக்கிட்டே இருக்கு, கயிறு அறுந்த ராட்டினம் மாதிரி. அந்தப் பக்கம் எதுவும் பிடிக்கலை. கை வலிச்சதுதான் மிச்சம்.

— எரிபொருள்?

— ஒரு மணி நேரத்துக்கு மேலயே சுத்தலாம்.

— அப்ப நேரம் இருக்கு. பெரிய விமான நிலையத்துக்குப் போயிடுங்க அண்ணே. அங்க தீயணைப்பு வண்டி வரிசையா நிக்குது, பக்கத்துலயே ஆஸ்பத்திரி. நான் இப்பவே அவங்ககிட்ட பேசறேன். இங்க இருக்கறது ஒரே ஒரு வண்டி.

— அந்த ஒரு வண்டிக்காரன் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் மேடம்.

— உங்களைக் குறை சொல்லலை தீயணைப்பு ஐயா.

— சொன்னாத்தான் என்ன? பைலட் சார், அம்மா சொல்றது நியாயம். அங்கேயே போங்க. என் வண்டி கிளம்பறதும் கிளம்பாததும் அதோட மனசைப் பொறுத்தது.

— ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் துரத்தறீங்களே! பாருங்க, அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. அந்தக் குரலுங்க நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடும். வயித்தால தரையில விழப்போறவன் தெரிஞ்ச இடத்துல விழக் கூடாதா?

— இது தெரிஞ்சவங்க தெரியாதவங்கங்கற பேச்சு இல்ல. தரையில உரசறப்ப நெருப்புப் பிடிச்சா என்ன பண்ணுவீங்க?

— பிடிச்சா நீங்க பாத்துக்கிட்டு இருப்பீங்க இல்ல, அது போதும். அந்த மாடியில நமக்காக ஒருத்தங்க உக்காந்திருக்காங்க. மூணு வருஷமா அதை நம்பித்தானே இந்த வரப்பு மாதிரி பாதையில இறங்கறேன்.

— ...

— என்ன, பேச்சையே காணோம்?

— இருக்கேன். அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க முடிவு பண்றதுக்கு முன்னாடி.

— நல்ல சேதியா, கெட்ட சேதியா?

— ரெண்டும் இல்ல.

— அப்ப இறங்கினப்புறம் சொல்லுங்க. இப்ப என் மண்டையில இடம் இல்ல. முடிவு பண்ணியாச்சு. ஓட்டறவன் முடிவுதான் கடைசி முடிவுன்னு உங்க சட்டமே சொல்லுது.

— சொல்லுது.

— அப்புறம் என்ன? எரிபொருள் தீர்ற வரைக்கும் உங்க தலைக்கு மேலயே சுத்தறேன். நீங்க பேசிக்கிட்டு இருங்க.

— என்ன பேசறது?

— எதையாவது. தினமும் நாம என்ன பேசறோம்? "காத்து மேற்கே"ம்பீங்க. "சரி"ம்பேன். "சக்கரம் இறங்கிடுச்சா?"ம்பீங்க. "இறங்கிடுச்சு"ம்பேன். "இறங்கலாம்." "நன்றி." முடிஞ்சுது. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, சில நாள் நான் வாயைத் திறக்கறதே அதுக்கு மட்டும்தான். மூட்டை இறக்கறவங்களுக்கு என்ஜின் சத்தத்துல நான் பேசறது கேக்காது. அறைக்குப் போனா ஒரு கெட்டில். அது ஒண்ணுதான் என்கிட்ட கோவிச்சுக்கும்.

— சொந்தம்னு யாரும் இல்லையா?

— அக்கா ஒருத்தி இருக்கா. ஃபோன் பண்ணா "சாப்பிட்டியா?"ம்பா. "சாப்பிட்டேன்"ம்பேன். "அப்ப வெச்சிடறேன்"ம்பா. அவளும் ஒரு டவர்தான்னு வெச்சுக்குங்களேன்.

— ஐயோ, சிரிச்சிட்டேன். இதெல்லாம் பதிவாகுது. நாளைக்கு விசாரணையில கேப்பாங்க.

— கேக்கட்டும். நீங்க சிரிச்சு நான் கேட்டதே இல்ல. விசாரணைன்னதும் ஞாபகம் வருது. நான் சக்கரத்தை மறந்துட்டேன்னு எழுதிடாதீங்க. மறந்து இறங்கறவன் வேற, தெரிஞ்சே இறங்கறவன் வேற.

— எழுத மாட்டேன்.

— ஆனா மறந்தவன் பாடு தேவலாம் போலிருக்கு. தரையில உரசற சத்தம் கேக்கற வரைக்கும் அவன் நிம்மதியா இருப்பான். நான் இப்பவே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

— பயமா இருக்கா அண்ணே?

— பின்ன இல்லாம? பின்னாடி தபால் மூட்டை, மருந்துப் பெட்டி. அதுங்களுக்குப் பயம் இல்ல. எனக்கு மட்டும்தான். பயத்தைப் பங்கு போட்டுக்கக்கூட பக்கத்து சீட்டுல ஆள் இல்ல. சரி, உங்க கதையைச் சொல்லுங்க. நாள் முழுக்க என்ன பண்ணுவீங்க?

— குரல் வரும், போகும். ஒருத்தர் முகமும் தெரியாது. கொண்டு வந்த ரொட்டியை ஒரு கையால சாப்பிட்டுக்கிட்டே இன்னொரு கையால வேலை. சில நாள் வேலை முடிஞ்சு வெளிய வந்தாத்தான் பொழுது சாஞ்சதே தெரியும்.

— நல்லா இருக்கே! நாலு பக்கமும் கண்ணாடி வெச்ச மாடியில உக்காந்துக்கிட்டு பொழுது தெரியலைங்கறீங்க!

— வேலையில தெரியறதில்ல.

— அங்க மழை வாசனை வருதா? இங்கேருந்து பாத்தா தெற்கே கருத்துக்கிட்டு இருக்கு.

— காத்து மேற்கேருந்து மிதமா வீசுது. ஈரப்பதம் கூடியிருக்கு. மழை பதிவாகலை.

— நான் கேட்டது வாசனை அம்மா. ஜன்னலைத் திறந்து மூக்கை நீட்டிப் பாருங்க.

— இந்த ஜன்னல் திறக்காது அண்ணே.

— மழை வாசனை வருது பைலட் சார். மண்ணு நனைஞ்ச வாசனை. அந்தப் பக்கம் எங்கயோ பெய்யுது.

— நன்றி தீயணைப்பு. பாருங்க, தரையில நிக்கறவருக்குத் தெரியுது, மாடியில இருக்கறவங்களுக்குத் தெரியலை. டவரம்மா, உங்களுக்கு முன்னாடி ஒரு இருமல்காரர் இருந்தாரு. ஒரு வாக்கியத்துக்கு ரெண்டு இருமல். அவர் காலத்துல ஒரே ஒரு தடவை அந்த இரும்புப் படியில ஏறியிருக்கேன். மேல பச்சை நாற்காலி ஒண்ணு, பஞ்சு பிதுங்கிக்கிட்டு இருக்கும். "இதுல உக்காந்தா ஆகாயம் நம்ம வீட்டுக் கூரை மாதிரிய்யா"ன்னு சொல்லி இருமினாரு. அந்த நாற்காலி இன்னும் இருக்கா?

— இருக்கும்.

— இருக்கும்னா? நீங்க அதுல உக்கார்றது இல்லையா?

— எனக்கு வேற நாற்காலி குடுத்திருக்காங்க.

— அட, நிர்வாகம் திருந்திடுச்சா? நீங்க வந்தப்புறம் நான் மேல ஏறினதில்ல. ஒரு பொம்பளை தனியா வேலை பாக்கற இடம், கூப்பிடாம எப்படிப் போய் நிக்கறதுன்னு கூச்சம். அதான் கிளம்பறப்ப எல்லாம் ஒரு கையாட்டு மட்டும். கண்ணாடி வெயில்ல மின்னும், உள்ள ஆள் தெரியாது. நீங்க கவனிச்சீங்களோ என்னமோ.

— கவனிப்பேன்.

— இன்னிக்கு வர்றேன். தரையில ரெண்டு கால்ல நின்னேன்னா நேரா மேல வருவேன். ஒரு டம்ளர் தண்ணி குடுங்க, போதும். அதை நினைச்சுக்கிட்டு இறங்கிடுவேன். வரலாமா?

— வாங்க.

— பைலட் சார், குறுக்க பேசறேன், மன்னிச்சுக்குங்க. கீழ வர்றப்பவே கதவைக் கொஞ்சம் திறந்து வெச்சுடுங்க. விமானத்தோட உடம்பு நெளிஞ்சா கதவு இறுகிக்கும். அப்புறம் நான் வெட்டித்தான் எடுக்கணும்.

— எதை வெச்சுத் தடுக்கறது?

— கால்ல என்ன போட்டிருக்கீங்க?

— ஷூ. புதுசு.

— புதுசா இருந்தா கெட்டியா நிக்கும். ஒண்ணைக் கழட்டி இடுக்குல செருகுங்க.

— வாங்கி ஒரு வாரம்கூட ஆகலையே!

— உயிர் பழசுதான் சார், ஆனா வேற ஜோடி கிடைக்காது. கழட்டுங்க.

— கழட்டிட்டேன், கழட்டிட்டேன். வண்டி கிளம்பிச்சா?

— கிளம்பிடுச்சு. முதல் தடவையிலயே. அதுக்கும் உங்க மேல மரியாதை போலிருக்கு.

— டவரம்மா, எரிபொருள் முள்ளு படுத்துடுச்சு. இனிமே சுத்த முடியாது. ஒண்ணு கேக்கறேன், சின்னப்புள்ளத்தனம்னு நினைக்காதீங்க. ஜன்னல் ஓரமா வந்து ஒரு தடவை கையாட்டுங்க. ஆள் இருக்காங்கன்னு கண்ணால பாத்துட்டு இறங்கறேன்.

— கை தெரியாது அண்ணே. நீங்களே சொன்னீங்களே, கண்ணாடி மின்னும்னு. விளக்கு காட்டறேன். மாடியைப் பாருங்க.

— பாக்கறேன். ஆ... பச்சை. தெரியுது. நேரா என்னையே பாக்கற மாதிரி இருக்கு. போதும்மா. இன்னிக்கு நான் பாத்த ஒரே பச்சை அதுதான். வர்றேன்.

— வாங்க. பாதை உங்களுக்குத்தான். இறக்கை சமமா இருக்கு. நல்லா வர்றீங்க.

— என்ஜினை அணைக்கறேன்.

— சரி. காத்து மேற்கே.

— சரி. என்ன, நிறுத்திட்டீங்களே. அடுத்ததைக் கேளுங்க.

— இன்னிக்கு எப்படி அண்ணே கேக்கறது?

— கேளுங்க. கேக்காம இறங்கினா எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

— சக்கரம் இறங்கிடுச்சா?

— இல்லீங்க டவரம்மா.

— இறங்கலாம்.

— நன்றி.

— ...

— ...

— தபாலண்ணே?

— ...

— தபாலண்ணே, கேக்குதா? தீயணைப்பு ஐயா! அது புகையா, புழுதியா? எனக்குப் பிரிச்சுத் தெரியலை, சொல்லுங்களேன்!

— புழுதிதான் மேடம். பொறி பறந்துச்சு, அடங்கிடுச்சு. பக்கவாட்டுல திரும்பி நின்னிருக்கு. நுரை அடிக்கறாங்க. இருங்க, கதவு அசையுது. கை தெரியுது. வந்துட்டாரு மேடம்! நிக்கறாரு. என் ஆளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு.

— நிக்கறாரா?

— ரெண்டு கால்லயும் நிக்கறாரு. இப்ப என்னைப் பாத்து வர்றாரு.

— நன்றி ஐயா. நன்றி.

— ...

— மேடம், நான்தான் தீயணைப்பு. ஃபோன்ல பேசறேன். என் கை ரேடியோவை அவர் வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. டாக்டர் பாக்கட்டும்னா "இருய்யா, ஒருத்தங்க தண்ணி வெச்சுக்கிட்டுக் காத்திருக்காங்க"ங்கறாரு. நேரா மாடிக்குப் போறாரு. அவருக்குத் தெரியாதா?

— தெரியாது.

— யாராவது சொல்லியிருப்பாங்கன்னு நான் இருந்துட்டேன். ஓடிப் போய்த் தடுக்கவா?

— வேண்டாம். நானே சொல்லிக்கறேன்.

— சொல்லிடுங்க மேடம். அவர் முகத்தைப் பாத்து என்னால சொல்ல முடியாது.

— ...

— டவரம்மா, வந்துட்டேன். மூச்சு வாங்குது. இருமல்காரர் எப்படித்தான் தினமும் ஏறினாரோ! கதவு பூட்டியிருக்கே?

— அண்ணே, முதல்ல படியில உக்காருங்க. அடி ஏதாவது பட்டிருக்கா?

— அதெல்லாம் ஒண்ணும் இல்ல. கதவைத் திறங்க, தூறல் போடுது.

— இடது கால்ல ஷூ இல்லாமலே ஏறியிருக்கீங்க. கால்ல குத்தியிருக்கப் போகுது.

— அது விமானத்துக் கதவுலயே கிடக்கு. ஆமா, நீங்க எங்கேருந்து பாக்கறீங்க? கண்ணாடி வழியா உள்ள பாக்கறேன், யாரையும் காணோமே. பச்சை நாற்காலி கிடக்கு. அது மேல தூசி படிஞ்சு விரலால பேர் எழுதலாம் போலிருக்கு. விளக்கு ஒண்ணு கம்பியில மாட்டியிருக்கு. அவ்வளவுதான்.

— கதவுக்கு மேல பாருங்க. வலது மூலையில.

— கேமரா.

— அது வழியாத்தான் பாக்கறேன். நான் அங்க வந்ததே இல்ல அண்ணே. நான் இருக்கறது வேற ஊர். இருமல்காரர் போனப்புறம் அந்த மாடிக்கு ஆள் போடலை, கேமராவும் இங்கேருந்தே எரிய வைக்கற விளக்கும்தான் போட்டாங்க. நான் ஒரு கட்டடத்துக்குள்ள திரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். உங்க ஓடுபாதையோட சேத்து இன்னும் ரெண்டு ஊர் ஓடுபாதை என் மேசையில இருக்கு. ஜன்னல் திறக்காதுன்னு சொன்னேன் இல்ல? இங்க ஜன்னலே இல்ல.

— சொல்லணும்னீங்களே, அது இதுதானா?

— இதுதான். சொல்லியிருந்தா நீங்க பெரிய இடத்துக்குப் போயிருப்பீங்க. அதுதான் உங்களுக்கு நல்லது. அது தெரிஞ்சும், நீங்க தடுத்தப்ப அப்படியே விட்டுட்டேன். அங்க போயிருந்தா இறங்கற வரைக்கும் வேற யாராவது உங்ககிட்ட பேசியிருப்பாங்க, நான் இல்ல. கேமராவுல துளி விழுந்து உங்க முகம் கலங்கலாத் தெரியுது.

— யாரும் இல்லாத மாடியை நம்பி இறங்கியிருக்கேன்.

— ஆமா.

— பாருங்க, மூணு வருஷம். தினமும். ஆளில்லாத கண்ணாடிக்குக் கையாட்டிக்கிட்டுப் போயிருக்கேன்.

— அது மட்டும் அப்படி இல்ல அண்ணே. நீங்க ஆட்டறப்ப எல்லாம் நானும் எழுந்து நின்னு ஆட்டுவேன். சுவரைப் பாத்து யாருக்கு ஆட்டறேன்னு பக்கத்து மேசைக்காரங்க முதல்ல எல்லாம் கேட்டாங்க, இப்ப கேக்கறதில்ல.