பூவாக்கு

— கண்ணாடிய ஏத்து தனேஷ். மொதல்ல ஏத்து.

— ஏத்திட்டேன்க்கா. லாக்கும் போட்டாச்சு. கொஞ்சம் மூச்ச விடு லா.

— அந்தப் பச்சச் சட்டைக்காரன் நம்ம காரத்தான் காட்டி என்னமோ சொல்றான். கூட ரெண்டு பேரு வரானுங்க பாரு.

— வரல. சிகரெட் பத்த வெக்கிறானுங்க. எல்லாம் நம்ம கோயில் பெரியவரு தம்புசாமி அங்கிளோட ஆளுங்க. கோயில் வாசல்ல அப்பா நிக்கிறாரு. தலைவர் மக மேல எவன் கைய வெப்பான்?

— என் மேல வெக்க மாட்டான். உன் மேல வெப்பான். வீடியோ போட்டது நானா நீயா?

— தெரியும்க்கா. அதான் ஸ்டியரிங்க விடாம உக்காந்திருக்கேன். என் பிரிக்ஃபீல்ட்ஸ் பிளாட்டு நம்பரக்கூட வாட்சாப்புல போட்டுட்டானுங்க.

— வீடியோ கேமுல வர்ற பாஸ் சண்டைக்கெல்லாம் மார்க்கு போடுறதுதானே உன் வேல. அத உன் பாட்டுக்குப் பேசிட்டுப் போயிருக்கலாம். நடுவுல நம்ம கோயில எதுக்குடா இழுத்தே?

— ஒரு உதாரணத்துக்குத்தான். கேளு. கடைசியில வர்ற பாஸ், அந்தப் பெரிய எதிரி, எவ்வளவு பயங்கரமா இருந்தாலும் நியாயமா இருக்கணும். அடிக்கிறதுக்கு முன்னாடி தோளத் தூக்கிக் காட்டணும். யாரு போனாலும் ஒரே அடி, ஒரே ரூல். ஆம்பள கேரக்டர் எடுத்தாத்தான் பாஸ் ரூமு கதவே தொறக்கும்னா அந்த கேம எவன் வாங்குவான்? 'கிள்ளான்ல ஒரு கோயில் இருக்கு, அங்க தீக்குழியில பொம்பள எறங்கக்கூடாதாம், எங்கக்காவுக்குக் கதவே தொறக்க மாட்றானுங்க'ன்னேன். அவ்வளவுதான்.

— அந்த அவ்வளவ மட்டும் வெட்டி எடுத்து ஊரு முழுக்க அனுப்பிட்டானுங்க. ஆத்தாளயே பாஸ்னு சொல்லிட்டான்னு.

— நான் ஆத்தாள சொல்லல. கமிட்டிய சொன்னேன்.

— கோவத்துல கேக்குறவனுக்கு ரெண்டும் ஒன்னுடா. போலீஸ் ரிப்போர்ட்டு வரைக்கும் போயிருச்சு.

— போகட்டும் லா. நான் சொன்னது தப்பா? நீ சொல்லு.

— தம்புசாமி அங்கிள் மைக்குல பேசினத நீ கேக்கல. 'எஸ்டேட்ட மூடினப்ப இந்த ஆத்தாள லோரியில தூக்கி வெச்சு மழையில கொண்டாந்தோம். எங்க சாமிய எங்க வழக்கப்படி கும்புட விடுங்கன்னு எத்தன ஆபிஸ் வாசல்ல நின்னோம். இன்னைக்கு நம்ம வீட்டுப் பொண்ணே லாயரக் கூட்டிக்கிட்டு உள்ள வந்தா, நாளைக்கு வெளியாளு வந்து இதச் செய்யாத அதச் செய்யாதன்னா எந்த வாயில பதில் சொல்றது'ன்னாரு. அழுதுட்டாருடா மனுசன்.

— சரி, அவரு கஷ்டப்பட்டாரு. அதுக்குன்னு மத சுதந்திரம்னா அவரோட சுதந்திரம் மட்டுமா? நீயும் அதே ஆத்தாளத்தானே கும்புடுற? உன் சுதந்திரம் எங்க போச்சு? ஆம்பளையும் பொம்பளையும் சமம்னு வெளிய போயி பேசுறோம், கோயில் கேட்டுக்கிட்ட வந்ததும் செருப்போட அதையும் கழட்டி வெச்சிரணுமா?

— பேசுறதுக்கு நல்லாத்தான் இருக்கு.

— அப்ப அவரு சொல்றதுதான் சரிங்கிறியா?

— பாதி சரின்னு எனக்கே பட்டுச்சு. அதான் சந்திரகலா லாயர்கிட்ட கேஸ் வேணாம்னு சொல்லிட்டு வந்தேன். அப்பா, பூவாக்கு கேக்கலாம், ஆத்தா சொல்றபடி நடக்கட்டும்னாரு. கமிட்டியும் ஒத்துக்கிச்சு. நானும் சரின்னுட்டேன்.

— கேட்டாச்சு, வெள்ளப் பூ வந்தாச்சு. செவப்பு வந்தா வேணாம், வெள்ள வந்தா எறங்கலாம். அவங்க போட்ட ரூல்தானே? அப்புறம் தம்புசாமி அங்கிள் யாரு நடுவுல? நான் சாமி நம்புறவன் இல்ல. ஆனா அன்னைக்கு எலையப் பிரிச்சப்ப ஊரே கையெடுத்துக் கும்புட்டுச்சு பாரு, எனக்கே உடம்பு சிலிர்த்துருச்சுக்கா.

— அதப் பேசாத.

— ஏன்? அது உனக்கு...

— பேசாதன்னேன்ல.

— சரி, பேசல. கொஞ்சம் தண்ணி குடிக்கிறியா? ஈரச் சேலையோட ஏசியில உக்காந்தா குளுரும். நிறுத்திடுறேன்.

— எனக்கு ஒன்னும் குளுரல. உருமி இன்னும் அடிக்கிறாங்களா?

— அடிக்கிறாங்க. ஆம்பளைங்க எறங்கிக்கிட்டு இருக்காங்க. உன்ன கடைசியில கூப்பிடுறேன்னு அப்பா சொன்னாருல்ல.

— நானே என் வாயால கெட்டேன்டா. விஷ்ணுப்ரியாவுக்கு டெங்கி வந்து, ரத்தம் எறங்கிக்கிட்டே போகுதுன்னு டாக்டர் கைய விரிச்சப்ப, ஐசியூ வாசல்ல நின்னு 'எம் பொண்ணக் குடுத்துரு தாயே, உன் குழியில எறங்குறேன்'னுட்டேன். பால்குடம் எடுக்குறேன்னு சொல்லிருக்கலாம். மொட்ட போட்டுக்குறேன்னு சொல்லிருக்கலாம். இங்க பொம்பள எறங்க முடியாதுன்னு பொறந்ததுல இருந்து தெரியும். தவிச்ச வாயி, வந்தத சொல்லிருச்சு.

— மாமா உசுரோட இருந்திருந்தா உனக்காக அவரு எறங்கியிருப்பாரு.

— புருசன் இல்லன்னா கூடப் பொறந்தவன். அதான் வழக்கம். உன்னத்தான் மொதல்ல கேட்டேன். என்ன சொன்னே?

— அது வந்து...

— 'உன் வேண்டுதல், உன் உரிமை, நான் ஏன்க்கா எறங்கணும், நீயே எறங்கு'ன்னே. கேக்க எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

— அது பொய் இல்லக்கா. ஆனா... பயமும்தான். கேமுல செத்தா திரும்ப ஆரம்பிக்கலாம். அந்தக் கங்குல அதுக்கு வழியில்ல. உரிமைன்னு பேசினா பயம் வெளிய தெரியாதுல்ல.

— போடா. இதத்தான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்.

— திட்டு. நல்லா திட்டு.

— திட்டுறதுக்கு நேரம் இல்ல. ஒன்னு கேக்குறேன், ஒழுங்கா பதில் சொல்லு. கடையில பூ கட்டுறப்ப உன் வீடியோதான் ஓடும். ஈஸி மோடு கேக்குறவன் பாஸ அவமானப்படுத்துறான்னு ஒரு தடவ கத்தினியே. தம்புசாமி அங்கிளும் என்னப் பத்தி அதத்தானே சொல்றாரு?

— ரெண்டும் வேறக்கா. நீ எங்க ஈஸி மோடு கேட்டே? அதே குழி, அதே கங்கு, அதே விரதம். கண்ட்ரோலர என் கையிலயும் குடுன்னுதான் கேட்டே.

— சரி, ஏமாத்தி ஜெயிச்சா?

— சீட் போட்டா? அது ஜெயிப்பே கிடையாது. என் சேனல்ல அதுக்கு முட்ட மார்க்குதான்.

— பாஸுக்குத் தெரியுமா?

— எது?

— வந்து நிக்கிறவன் சீட் போட்டுட்டு வந்திருக்கான்னு. எதுக்க நிக்குற பாஸுக்கு அது தெரியுமா?

— அதுக்கு எப்படிக்கா தெரியும். சில கேமுல மட்டும் தெரியும். கண்டுபிடிச்சிருச்சுன்னா அப்புறம் அடிக்கவே முடியாது. ஒரே அடியில ஆள காலி பண்ணிரும். ஏன் கேக்குற? அக்கா, ஏன் அழுவுற?

— பூவாக்குக்கு எலை கட்டினது நான்தான்.

— தெரியுமே. லிட்டில் இந்தியாவுல கடை வெச்சதுல இருந்து கோயிலுக்கு எல்லாப் பூவும் நீதானே கட்டுற.

— ஒரு எலையில வெள்ள, ஒரு எலையில செவப்பு. அப்படித்தான் கட்டணும். நான் ரெண்டுலயும் நந்தியாவட்டைய வெச்சேன்.

— ரெண்டுலயுமா?

— ரெண்டுலயும் வெள்ளதான். நூலச் சுத்தி அப்பா கையில குடுத்தேன். அவரு ஆத்தா காலடியில வெச்சுப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டாரு. விடிஞ்சதும் ஒரு கைக்குழந்தைய விட்டு எடுக்கச் சொன்னாங்க. எத எடுத்தா என்ன? எடுக்காதத பிரிக்காம ஆத்துல விட்டுருவாங்க, அதுவும் எனக்குத் தெரியும். ஆத்தா ஒன்னும் சொல்லலடா. அவள பேசவே விடாம நானே பேசிட்டேன்.

— எல்லாரும் கும்புட்டு விழுந்தாங்களேக்கா...

— அதான் அதப் பேசாதன்னேன்.

— சரி. சரி சரி. பதறாத. நெருப்பு நெருப்புதான். அதுக்குப் பூவும் தெரியாது, பொய்யும் தெரியாது. நிக்காம நடந்தா ஒன்னும் ஆகாது. சயின்ஸ் அதான் சொல்லுது.

— காலையில விஷ்ணுப்ரியாவ தொட்டுப் பாத்தேன். நெத்தி சுடுது.

— என்ன?

— சுடுதுடா. ராத்திரி நல்லாத்தான் தூங்குனா. இன்னைக்குப் பாத்து சுடுது. அத்த வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன். குடுத்தவ திருப்பி எடுத்துக்குவாளா தனேஷ்? நான் செஞ்சதுக்கு என் காலச் சுடட்டும். எம் பொண்ணுகிட்ட போகக்கூடாது.

— எறங்காதக்கா.

— நம்பாதவனாச்சே நீ.

— நம்பலதான். எறங்காத. போயிரலாம். காரக் கிளப்புறேன்.

— அந்தப் பக்கம் பாரு. மாரியாயி அக்கா, ஜெயராஜ் சம்சாரம், எல்லாம் மஞ்சத் துணி கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நான் எறங்கினா அடுத்த வருசம் அவங்களும் எறங்கலாம்னு. இப்ப நான் ஓடினா, பாத்தீங்களா பொம்பளைங்களன்னு தம்புசாமி அங்கிள் சிரிப்பாரு. எறங்கி வெந்து விழுந்தா, ஆத்தாளுக்கே புடிக்கலம்பாரு. அதோட முடிஞ்சுது, இந்த வாசல்ல எவளும் கால வெக்க முடியாது.

— அப்ப நான் எறங்குறேன். உனக்குப் பதிலா. இப்பவே.

— நேத்து என்ன தின்னே?

— கோழி.

— கோழி தின்ன வயித்தோட குழியில எறங்குறானாம். உன்னையும் பறிகொடுக்கணுமா நான்?

— அப்ப என்னதான்க்கா பண்றது?

— உருமி நின்னுருச்சு.

— ஆமா. நின்னுருச்சு.

— யாரோ கண்ணாடிய தட்டுறாங்க. தொறக்காத தனேஷ்.

— அப்பாக்கா. அப்பா மட்டும்தான்.

— உஷா. ஆம்பளைங்க எல்லாம் எறங்கி முடிச்சாச்சும்மா. உன் முறைதான்.

— அப்பா, அக்கா எறங்க வேணாம்பா. அவளுக்கு உடம்பு சரியில்ல.

— நீ கொஞ்சம் சும்மா இருப்பா. உஷா, எறங்குறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒன்னு சொல்லணும். சொல்லாம உன்ன கங்குக்கிட்ட கூட்டிக்கிட்டுப் போக என்னால ஆகல.

— நானும் சொல்லணும்பா. நான் பெரிய தப்பு பண்ணிட்டேன். அந்த எலைங்க...

— தெரியும். ரெண்டும் வெள்ள.

— எப்படிப்பா?

— அன்னைக்கு ராத்திரியே பிரிச்சுப் பாத்தேன்.

— பாத்துட்டுமா சும்மா இருந்தீங்க? ஊரு முன்னாடி, கமிட்டி முன்னாடி, ஆத்தா முன்னாடி, பாத்துட்டு எப்படிப்பா சும்மா இருந்தீங்க?

— சும்மா இல்லம்மா. மாப்பிள்ளையும் போயிட்டாரு, உன்னையும் நெருப்புல எறக்கிப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. செவப்பு வந்துட்டா நீ அழுதுட்டு விட்டுருவேன்னு நெனச்சேன். அந்த ரெண்டு வெள்ளயையும் எடுத்துட்டு, ரெண்டு எலையிலயும் செவரளிய வெச்சு நான்தாம்மா கட்டினேன். விடிஞ்சு பிரிச்சப்ப வந்தது வெள்ள.