மாடிக்கும் கீழுக்கும் ஒரே இணைப்பு

வெயிலில் அலிப்பூர் கோர்ட்டு வரை போய் வந்திருக்கிறீர்கள். முதலில் உட்காருங்கள், சொக்கலிங்கம் சார். உங்கள் பையன் அபிநவுக்கு இன்றும் ஜாமீன் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். வருத்தமாகத்தான் இருக்கிறது.

என் மாடியில் குடியிருந்த நாளில் அவனைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை எங்களோடுதான் சாப்பாடு. மாடிக்கு வை-ஃபை சரியாக எட்டாது என்று லேப்டாப்பை எங்கள் சாப்பாட்டு மேஜையிலேயே வைத்திருப்பான். சாப்பிட்டதும் மேலே போய் ஒரு தூக்கம். "அங்கிள், கச்சேரி பாக்கணும்னா இதுலயே பாருங்க, ஸ்க்ரீன் பெருசு" என்று பாஸ்வேர்டையும் சொல்லிவைத்திருந்தான். வெள்ளை மனசு.

என் மகள் மதுவந்தியைக் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூருக்கு அழைத்துப்போவதாக இருந்தான். நான் ஜாதி பார்க்கிறவன் இல்லை. தாயில்லாப் பெண், தெரியாத ஊரில் என்ன செய்வாள் என்ற கவலைதான். சொன்னால் சிரித்தாள். பட்டால்தான் புரியும் என்று பெற்றவன் விட்டுவிட முடியுமா?

பிறகுதான் அவளுக்கு யாரோ ஒருவனிடமிருந்து மெசேஜ் வர ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாய், லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தாய், பெங்களூருக்கும் நான் வருவேன் என்று. போகப்போக இன்னும் மோசம். அதையெல்லாம் உங்களிடம் சொல்ல எனக்கே கூசுகிறது.

போலீசுக்குப் போகலாம் என்று அவளை அழைத்துப்போனதே அபிநவ்தான். விசாரித்தால் இணைப்பு இந்த வீட்டுடையது. சப்-இன்ஸ்பெக்டர் நேரே என்னிடம் வந்தார். "மஹாதேவன் பாபு, மாடிக்கும் கீழுக்கும் ஒரே கனெக்‌ஷன். எழுதினது யாருன்னு எப்படிப் பிரிக்கிறது?" என்று வங்காள மொழியில் கேட்டார். பாங்கில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தே ரிட்டயர் ஆனவன் நான். வாசல் ஒன்றானாலும் அங்கே கிடக்கும் செருப்பு வேறுவேறு இல்லையா, அதுபோல ஒவ்வொரு கருவிக்கும் தனி அடையாளம் உண்டு என்று பொறுமையாக விளக்கினேன். ரவுட்டரில் பதிவானதையும் திறந்து காட்டினேன். மெசேஜ் போன ஒவ்வொரு தடவையும் அபிநவின் லேப்டாப்தான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்துவிட்டான் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் பேசினார்கள். அவன் அழுதபோது தண்ணீர் கொடுத்தது நான்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெற்றவர் நீங்கள். பிள்ளையைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. கருவியைப் பிரித்துச் சொல்லலாம். அதன் முன்னால் உட்கார்ந்த ஆளைச் சொல்ல முடியாது. அவன் மேலே தூங்கும்போது எழுதியது நான். தினமும் காலையில் பாலிகஞ்ச் ஸ்டேஷனில் அவளை ரயிலேற்றி விடுகிறவனும் நான்தானே. நீங்கள் போய் யாரிடம் சொன்னாலும் லேப்டாப் சொல்கிற சாட்சிதான் நிற்கும்.

மதுவந்தியைப் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். வேண்டாம். வேலையை விட்டுவிட்டாள். போனைத் தொடுவதில்லை, ஜன்னலைத் திறக்க விடுவதில்லை. யார் கதவைத் தட்டினாலும் நடுங்குகிறாள். என் குரல் கேட்டால் மட்டும் தாழ்ப்பாளை எடுக்கிறாள். பெண்ணைப் பெற்றவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.