சவுக்கு வேரில் வீக்கம்

என் பெயர் நூர்ஜஹான், வயது 36, தகப்பனார் பெயர் ஜெக்கரியா. தஞ்சாவூர் கீழவாசலில் குடியிருக்கிறேன். பயிர் நோய் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். பூம்புகாருக்கு மேற்கே பஞ்சநதம் என்பவரின் சவுக்குத் தோப்பு பட்டுப்போனதற்கு, வழக்கில் எதிரியான வீரையன் விஷம் ஊற்றியதுதான் காரணமா என்று போலீசார் எழுதிக் கேட்டதன் பேரில், 1974 ஆடி மாதம் அங்கே போனேன். மரத்தோப்புக்கு விலக்கு உண்டு என்பதால், நிலம் உச்சவரம்புச் சட்டத்தில் போய்விடாமலிருக்க அவசரமாக வைத்த தோப்பு அது என்பதும், அந்த நிலத்தைக் கூலிக்காரர்களுக்குப் பிரித்துத் தரச் சொல்லி மனுக் கொடுத்தவர் வீரையன் என்பதும் போன பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகு, காய்ந்துகொண்டிருந்த மரங்களைத் தோண்டிப் பார்த்தேன். வேரெல்லாம் முடிச்சு. பஞ்சநதம், "முடிச்சுள்ள கன்னா நானே பொறுக்கி எடுத்தேம்மா. அதுலதான் சத்துன்னாங்க" என்று பெருமையாகச் சொன்னார். சவுக்கில் நல்ல முடிச்சும் உண்டு. அது வேரின் பக்கத்தில் கொத்தாக ஒட்டியிருக்கும். இங்கே வேரே வீங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத நூற்புழு உள்ளே புகுந்தால்தான் வேர் இப்படி வீங்கும், மரமும் காயும். நோயைத்தான் அவர் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்.

அதன் பிறகு, அவர் கன்று வாங்கிய நாற்றங்காலுக்குப் போய், மீந்துகிடந்த கன்றுகளை எடுத்துவந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பெண்புழுவின் பின்பக்கத்து ரேகையை வைத்து இனம் சொல்வோம், போலீசார் கைரேகை பார்ப்பது போல. இரண்டு இடத்துப் புழுவும் ஒன்றே. மண்ணைச் சோதித்ததில் விஷம் இல்லை.

அதன் பிறகு, இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்து, "ஆமாம்மா, நெளியுது" என்றார். நெளிந்ததைக் கண்ணால் பார்த்த அதே மனிதர், மறுநாள் 'விஷத்தால் பட்டது' என்று தாமே எழுதிக்கொண்டு வந்து கையெழுத்துக் கேட்டார். "புழுவப் புடிச்சு உள்ள போட முடியுமா? போட்டுக் குடுத்துட்டுப் போங்கம்மா" என்றார். நான் போடவில்லை. முடிவை முன்பே எழுதிவிட்டவர்கள் என்னை எதற்கு வரச் சொன்னார்கள்?

அதன் பிறகு, இந்தப் புழு தண்ணீரோடும் போகும் என்பதால், தோப்புத் தண்ணீர் வடியும் வாய்க்காலோடு நடந்தேன். அது வீரையன் வீட்டுக் கத்தரிக் கொல்லையில் போய் முடிந்தது. செடிகள் வாடி நின்றன. அவர் மனைவி அம்சவல்லி ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தார். வேரில் அதே வீக்கம். "அவரு ஜெயில்ல இருக்காருங்களே, நாந்தான் சரியாத் தண்ணி கட்டலியோன்னு நெனச்சேன்" என்றார். உன் மேல் தப்பில்லை, பஞ்சநதத்தின் தோப்பிலிருந்து வந்த புழு இது என்றேன். "அப்ப நாங்க யாரு மேலங்க கேசு குடுக்கறது?" என்று கேட்டார். அதைக் கோர்ட்டார் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இதில் உள்ளது நான் கண்டதும் செய்ததும் மட்டுமே, யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. வீரையன் இன்னும் ரிமாண்டில்தான் இருக்கிறார் என்பதையும் எழுதச் சொன்னேன், எழுதினார்கள்.

(ஒப்பம்) ஜெ. நூர்ஜஹான்