வண்டி என்றால் வேர்க்கும்

எண்ணெய்க் கறை பட்ட துணியை உடனே தண்ணீரில் முக்கக் கூடாது. பலரும் செய்கிற தவறு அது. பதறிப்போய்க் குழாயடியில் வைத்துக் கசக்குவார்கள். கறை நூலுக்குள் இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். முதலில் அதன்மேல் பவுடரைத் தூவ வேண்டும். அது எண்ணெயைக் குடித்து முடிக்கும்வரை சும்மா இருக்க வேண்டும். பொறுமை இருந்தால் போகாத கறை குறைவு. இத்தனை வருட லாண்டரித் தொழிலில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

உங்கள் சட்டைக் கையிலும் ஒன்று இருக்கிறது, சார். சாப்பிடும்போது பட்டிருக்கும். பிறகு சொல்லித் தருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

அந்தக் காரை எனக்கு விற்றவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். அவர் புது வண்டி வாங்கப்போகிறார் என்று தெரிந்ததும், பழையது வெளியாள் கைக்குப் போக வேண்டாம், நம் வீட்டுக்கே வரட்டும் என்று என் மனைவிதான் சொன்னாள். பார்க்கப் போனோம். நாங்கள் கேட்பதற்கு முன்பே பானெட்டைத் திறந்து காட்டினார். எஞ்சின், தேய்த்துக் கவிழ்த்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, ஒரு தூசி இல்லை.

“கல்லு மாதிரி வண்டி மாப்ள. என் கையில வளர்ந்தது. உங்களுக்குங்கிறதாலதான் தர்றேன், வேற யாருக்கும் குடுக்க மனசு வராது” என்றார்.

கடைக்கு வருகிற எந்தத் துணியையும் நான் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் எடுப்பதில்லை. காலர், கைமடிப்பு, பை எல்லாம் பார்த்துத்தான் வாங்குவேன். அன்று பார்க்கவில்லை. சொந்தக்காரர் வாயால் சொல்லும்போது திருப்பிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன். அந்த மரியாதையை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மாதம் முடிவதற்குள் வண்டி நிற்கும் இடத்தில் கறுப்பாகச் சொட்ட ஆரம்பித்தது. ஓட்டினால் தீய்ந்த வாடை வேறு. எங்கள் தெருமுனையில் கொட்டகை போட்டிருக்கிற மெக்கானிக்கிடம் விட்டேன். அவர் எஞ்சினின் மேல்மூடியை நகத்தால் சுரண்டிக் காட்டினார். சாம்பல் நிறப் பேஸ்ட் ஒன்று பாளமாக உரிந்து வந்தது. அதன் அடியில் விரல் நீளத்துக்கு விரிசல்.

“யாரோ தெரிஞ்சுதாங்க பூசியிருக்காங்க. மூடியை மாத்தாம பேஸ்ட்டை அப்பி, எஞ்சினையும் கழுவி விட்டிருக்காங்க. இது நேரா சைலன்சர் குழாய் மேல சொட்டுது பாருங்க. ஊருக்குள்ள ஓட்டுனா புகை வரும், அவ்வளவுதான். மலையேத்தத்துல குழாய் நல்லா காஞ்சிருக்கும். அப்ப சொட்டுச்சுன்னா பத்திக்கும்” என்றார்.

கடைசியாகச் சொன்னதை நான் மறக்கவில்லை. எனக்கு ஞாபகசக்தி அதிகம்.

அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்ததும் வேறொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. வண்டி கைமாறுவதற்குச் சற்று முன்னால் மச்சானின் சட்டை ஒன்று சலவைக்கு வந்திருந்தது. அவர் வீட்டுத் துணியெல்லாம் என் கடையில்தான். சொந்தம் என்பதால் சும்மா. வலது கைமடிப்பில் சாம்பல் நிறப் பசை காய்ந்து ஒட்டியிருந்தது, சுற்றிலும் கறுப்பு எண்ணெய். என்ன மச்சான் என்று கேட்டதற்கு, வீட்டில் குழாய் ஒழுகியது, நானே அடைத்தேன் என்றார். ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து அந்தக் கறையை எடுத்தேன். இஸ்திரி போட்டு, மடித்து, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவர் என் முன்னால் பானெட்டைத் திறந்து காட்டினார். என்னை ஏமாற்றியதன் தடயத்தை நானே வெளுத்துக் கொடுத்திருக்கிறேன், அதுவும் இலவசமாக.

மெக்கானிக் புது மூடி மாட்டினார். ஒழுகல் நின்றது. ஆமாம், நின்றேவிட்டது. அவர் உங்களிடம் சொன்னது உண்மைதான், அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. வெடித்த பழைய மூடியைக் குப்பையில் போடப் போனார். நான் கேட்டு வாங்கி ஒரு துணியில் சுற்றி எடுத்துவந்தேன். அப்போது என் மனதில் ஒன்றும் கிடையாது. மச்சானிடம் காட்ட வேண்டும் என்பது மட்டும்தான்.

அதற்கும் ஒரு நாள் வந்தது. அத்தை வீட்டில், என் மாமியாரைத்தான் சொல்கிறேன், எல்லோரும் கூடிச் சாப்பிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்த பிறகு, குரலை உயர்த்தாமல்தான் கேட்டேன்.

“மச்சான், வண்டியில ஆயில் ஒழுகுனது உங்களுக்குத் தெரியுமா?”

அவர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரை முழுங்கிவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

“மனுஷன்னா வேர்க்குது இல்ல? வண்டின்னாலும் வேர்க்கத்தான் செய்யும் மாப்ள. ஒரு கர்ச்சீப் வெச்சுத் துடைச்சு விடுங்க” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவள் என் மனைவி. துணி சுற்றிய மூடி என் மடியில்தான் இருந்தது. நான் அதைப் பிரிக்கவே இல்லை.

கிளம்பும்போது அத்தை வாசல்வரை வந்தார். “குடும்பத்துக்குள்ள இதையெல்லாம் பெருசு பண்ணலாமா மாப்பிள்ளை? விட்டுடுங்க” என்றார். நான் எதைப் பெரிசு பண்ணினேன்? வண்டியை எடுத்துக்கொள் என்றேனா, பணத்தைத் திருப்பிக் கொடு என்றேனா? ‘தப்பு பண்ணிட்டேன் மாப்ள.’ அந்த ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் மூடியை அங்கேயே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவியிருப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் அவர். ஊர் சிரிக்க உட்கார்ந்திருந்தவன் நான்.

அதோடு விட்டாரா? எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், “வேர்வை மாப்ள வந்துட்டாரு, கர்ச்சீப் கொண்டாங்கப்பா” என்பார். குழந்தைகள்கூடக் கற்றுக்கொண்டன. ஒருநாள் இஸ்திரி மேசையில் நின்று நான் நெற்றியைத் துடைத்ததைப் பார்த்துவிட்டு என் மனைவியே அதைச் சொன்னாள். செல்லமாகத்தான் சொன்னாள். நானும் சிரித்து வைத்தேன்.

கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வராமல் இருக்குமா? ஆனால் நான் கத்துகிற ரகம் இல்லை. என் கோபம் இஸ்திரிப்பெட்டி மாதிரி. பார்த்தால் தெரியாது, தொட்டால்தான் தெரியும். பல் தேய்க்கும்போதும் கோபம்தான், காலர் மடிக்கும்போதும் கோபம்தான். அவர் வீட்டுத் துணிமூட்டை வரும்போதெல்லாம் அதை அவிழ்த்து, அவருடைய ஒவ்வொரு சட்டையையும் வெளுத்து, மொடமொடவென்று இஸ்திரி போட்டு அனுப்பினேன். ஒரு பொத்தான்கூட உடைந்ததில்லை. என் சுபாவம் உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு அவருடைய புது வண்டியை யாரோ இடித்துவிட்டார்கள். அது ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. மலைமேல் இருக்கிற அவர்களுடைய தாய்மாமாவுக்கு உடம்பு சரியில்லை, போய்ப் பார்க்க வேண்டும், வண்டியைத் தர முடியுமா மாப்ள என்று போனில் கேட்டார். கூச்சநாச்சம் இல்லாமல் கேட்டார். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மறுநாள் கடைக்கு வார விடுமுறை. மத்தியானம் புது மூடியைக் கழற்றினேன். மெக்கானிக் மாட்டியபோது பக்கத்தில் நின்று பார்த்தவன்தானே, பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பழைய மூடியைத் துணியிலிருந்து எடுத்து, விரிசலின்மேல் சாம்பல் நிறப் பேஸ்ட்டைப் பூசி மாட்டினேன். அதே நிறம் கிடைக்கக் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தேன். பிறகு எஞ்சினைக் கழுவினேன். மச்சானைவிட நன்றாகவே கழுவினேன். அது என் தொழில்.

இந்த இடத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பேஸ்ட்டை நான் மெலிதாகப் பூசவில்லை. விரிசலைப் பெரிதாக்கவில்லை. அவர் எனக்குக் கொடுத்தபோது வண்டி எப்படி இருந்ததோ அப்படியே திருப்பிக் கொடுத்தேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவரவர் துணி அவரவரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் லாண்டரிக்காரன் தர்மம். ஊருக்குள் அந்தப் பூச்சு சில வாரம் தாங்கியது. மலையில் எவ்வளவு தாங்கும் என்பது அவருக்கும் பேஸ்ட்டுக்கும் உள்ள விவகாரம்.

அடுத்த நாள் காலையில் மச்சான் வந்தார், வழியனுப்ப அத்தையும் கூட வந்திருந்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். வாய்ப்புக் கொடுக்காமல் நான் எதையும் செய்யவில்லை.

“மச்சான், மலையேத்தத்துக்கு இந்த வண்டி தாங்குமா? உங்களுக்குத்தானே இதைப் பத்தி நல்லாத் தெரியும்.”

அவர் பானெட்டைத் திறந்தார். எஞ்சின் பளபளவென்று இருந்தது. அன்று நான் பார்த்ததைத்தான் இன்று அவர் பார்த்தார். நான் சரிசெய்துவிட்டேன் என்று எண்ணியிருப்பார். மூடியை மாத்திட்டீங்களா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால், வெடித்திருந்தது தெரியும் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே. பானெட்டைச் சாத்திவிட்டு, “என்ன மாப்ள, வேர்க்குமோன்னு பயமா? கல்லு மாதிரி வண்டி” என்றார். சாவியைக் கொடுத்தேன்.

அப்போதுதான் என் மனைவி கைப்பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

“நானும் அண்ணன்கூடப் போயிட்டு வந்துடறேங்க. மாமாவைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு” என்றாள்.

இது என் ஏற்பாட்டில் இல்லை. இதை மட்டும் நீங்கள் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும். நான் வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையும் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் மதிலின்மேல் கையை ஊன்றி நின்றிருந்தார். ஏன் என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் ஏமாற்றியவர் நல்லவராகிவிடுவார், ஏமாந்த நான் குற்றவாளியாகிவிடுவேன். மறுபடியும் ஒரு சிரிப்பு. வார்த்தை தொண்டைவரை வந்தது, சார். அத்தனை பேர் முன்னால் ஒரு மனிதன் அதை எப்படிச் சொல்ல முடியும்?

“மலைப்பாதையில உனக்குத் தலை சுத்துமே, அதான்” என்றேன்.

“மாத்திரையைப் போட்டுட்டுத் தூங்கிடுவேன், கவலைப்படாதீங்க.”

மாத்திரையையும் தண்ணீரையும் நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டாள். கதவு நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். அவள் கண்ணாடி வழியாக என் நெற்றியைக் காட்டி, வேர்த்திருக்கிறது, துடைத்துக்கொள்ளுங்கள் என்று சைகை செய்தாள். செய்துவிட்டுச் சிரித்தாள். அது கிண்டலா அக்கறையா என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வண்டி போய்விட்டது.

போன் செய்திருக்கலாமே என்கிறீர்கள். செய்திருக்கலாம். போன் சட்டைப்பையில்தான் இருந்தது. அடிவாரம் போய்ச் சேரவே நிறைய நேரம் ஆகும். நான் கடையைத் திறந்து இஸ்திரி போட ஆரம்பித்தேன். அன்றைக்கு வந்த கோபம் மாதிரி எனக்கு என்றுமே வந்ததில்லை. மாமாவைப் பார்க்கப் போகிறேன் என்று இவளிடம் ஆசை காட்டியது அவர்தானே. நான் ஏன் முதலில் வாய் திறக்க வேண்டும்?

மலைப்பாதையில் புகை வந்ததும் மச்சான் வண்டியை நிறுத்தியிருக்கிறார். தங்கை தூங்கட்டும் என்று எழுப்பாமல் இறங்கிப்போய் பானெட்டைத் தூக்கியிருக்கிறார். காற்றுப் பட்டதும் தீ எழுந்து முகத்தில் அடித்திருக்கிறது. வெந்த கையோடு பின்கதவைத் திறந்து அவளை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறார். அதற்குள் புகை அவளை முடித்துவிட்டது. மாத்திரை போட்டால் அவளுக்கு இடி விழுந்தாலும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அவருடைய இரண்டு கைகளிலும் கட்டு. என்னைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

“தப்பு பண்ணிட்டேன் மாப்ள. அந்த விரிசல் எனக்குத் தெரியும். நான்தான் பூசி மறைச்சேன். என் தங்கச்சியை நானே கொன்னுட்டேன்.”

அத்தை அவர் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். நான் படுக்கையோரம் உட்கார்ந்தேன். அவரால் கையைத் தூக்க முடியவில்லை. என் கர்ச்சீப்பை எடுத்து அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன். மன்னித்துவிட்டேன் மச்சான் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

புது மூடி கடையில் இஸ்திரி மேசைக்கு அடியில் இருக்கிறது. பேஸ்ட் டப்பாவும் அங்கேயேதான். ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றியது நான், பூசியது நான், பத்திக்கும் என்று தெரிந்தே சாவியைக் கொடுத்தது நான், அவள் ஏறிப் படுத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவனும் நான்தான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், மச்சான் விஷயத்தில் அது சரியாகத்தான் இருக்கிறது. எல்லாம் எரிந்து முடிந்த பிறகு, படுக்கையில் கிடந்து அழுதுகொண்டு சொல்லி என்ன பிரயோசனம்? அன்று காலை வாசலில் நின்றபோதே, வண்டி கிளம்புவதற்கு முன்னால், அந்த ஒரு வார்த்தையை வாய் திறந்து சொல்லியிருந்தால் என் மனைவி இப்போது உயிரோடு இருப்பாள். ஒரு மனிதனுக்கு அவ்வளவு வீம்பு ஆகாது, சார்.