பச்சை வண்டிக்கு இன்னொரு பார்ட்டி

கணவர்: அந்தச் சிவப்பு வண்டியே போதும்னு சொல்றேன்ல.

மனைவி: உக்காந்துகிட்டே சொன்னா எப்படி? எழுந்து வந்து பாருங்க.

கணவர்: இங்கேருந்தே நல்லாத் தெரியுது. நாலு சக்கரம் இருக்கு, ஹேண்டில் இருக்கு. தேன்பெட்டி வைக்கப் பின்னாடி கேரியர் இருக்கு. வேற என்ன வேணும் உனக்கு?

கடைக்காரர்: அண்ணன் சரியாத்தான் சொல்றார்க்கா. முதமுதல்ல காடுமேடு ஏறற ஏடிவி வண்டி வாங்கறவங்க பெரும்பாலும் இதைத்தான் எடுப்பாங்க. கியர் வண்டி. கல்லு, சேறு எல்லாத்துலயும் ஏறும். விலையும் உங்க கைக்கு அடக்கம்.

மனைவி: அந்தப் பச்சை?

கடைக்காரர்: அது கியர் மாத்தற வேலையே இல்லாதது. கட்டைவிரலால அழுத்தினா ஓடும், பிரேக்கும் கையில. நல்ல வண்டிதான்... ஆனா நீங்க சொன்ன பட்ஜெட்ல வராது.

மனைவி: எனக்குக் கியர் போட வராதே, தம்பி.

கடைக்காரர்: வெளியே நிக்கிற வேனை ஓட்டிட்டு வந்தது நீங்கதானே?

மனைவி: ...அது வேற.

கடைக்காரர்: அதுலயும் கியர்தானேக்கா...

மனைவி: அது கையால போடறது. இதுல காலால போடணும். என் கால் சொன்ன பேச்சு கேக்காது.

கணவர்: உன் காலா?

மனைவி: என் கால்தான். பின்ன யாரு காலு?

கடைக்காரர்: ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க, பழகிடும். ஏறுங்க... இடது கால் நுனியை இந்த லீவருக்கு அடியில விட்டு மேல தூக்குங்க. அவ்வளவுதான். இப்போ கிளட்சை மெதுவா... மெதுவாக்கா... அய்யோ!

மனைவி: பாத்தீங்களா, அணைஞ்சு போச்சு.

கடைக்காரர்: நீங்க பட்டுனு விட்டுட்டீங்க.

கணவர்: வேணும்னே விட்டா. கொட்டற மழையில, மூட்டை ஏத்தின வேனை மேட்டுல நிறுத்தி எடுக்கறவ தம்பி இவ.

மனைவி: நீங்க யார் பக்கம்?

கணவர்: நம்ம பர்ஸ் பக்கம்.

கடைக்காரர்: சரி சரி, என் கடையில சண்டை வேணாம். பச்சையோட சாவி உள்ள இருக்கு. எடுத்துட்டு வரேன்.

மனைவி: போயிட்டானா?... இப்போ சொல்லுங்க. ஊணி நடக்கற கம்பை ஏன் வேன்லயே வச்சிட்டு வந்தீங்க?

கணவர்: கம்போட வந்தா, இவங்களுக்கு வேற வழியில்லைன்னு விலையை ஏத்திடுவான்.

மனைவி: வாசல்லேருந்து நாற்காலி வரைக்கும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு வந்தீங்க. அதைப் பாத்திருக்க மாட்டானாக்கும்.

கணவர்: சுவர்ல பெயின்ட் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வந்தேன். வண்டி உனக்கு. என் கால் பேச்சு எதுக்கு இப்போ?

மனைவி: சரி, எடுக்கலை. ஆனா ஒண்ணு கேக்கறேன். தேன்பெட்டியையெல்லாம் என் தம்பிகிட்ட கொடுத்துடறேன்னீங்களே... நிஜமாவா?

கணவர்: மலை ஏற முடியாதவனுக்கு மலைமேல எதுக்குப் பெட்டி? அந்தப் பாறையில வழுக்கி விழுந்து இடது கால்ல அடிபட்டதுலேருந்து ஒரு பெட்டியையாவது திறந்து பாத்தேனா நான்? ஞாயித்துக்கிழமை வான்னு சொல்லியிருக்கேன். அதுக்குள்ள வண்டி அமைஞ்சா நீ போய்ப் பாத்துக்கோ. அமையலேன்னா அவன் எடுத்துட்டுப் போகட்டும்.

மனைவி: என் தம்பியா! ஒரு தேனீ ரீங்காரம் போட்டாலே போர்வையை இழுத்து மூடிக்கிட்டுப் படுக்கறவன்.

கணவர்: பழகிப்பான்.

மனைவி: எனக்கும்தான் என்ன தெரியும்? ராணி ஈ எதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரிஞ்சதில்லை.

கணவர்: நான் வீட்லேருந்தே போன்ல சொல்றேன்.

மனைவி: அப்போ போனை ராணிகிட்டயே கொடுத்துடறேன், நீங்களே பேசிக்கோங்க... ஷ், வரான்.

கடைக்காரர்: இந்தாங்கக்கா. ஒரு அழுத்து அழுத்துங்க... எப்படி?

மனைவி: சத்தம் சுத்தமா இருக்கு. ஆயில் அளக்கற குச்சியை உருவிக் காட்டுங்க.

கடைக்காரர்: அடேங்கப்பா, விவரமாத்தான் வந்திருக்கீங்க. இதோ... கறுப்பாத்தான் இருக்கு, பால் மாதிரி வெளுக்கலை. தண்ணி இறங்காத இன்ஜின்.

கணவர்: முன்சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாரு! லொடலொடன்னு ஆடுதா?

மனைவி: ஆடலை.

கணவர்: அடியில குனிஞ்சு பாரு. எங்கயாவது ஒட்டுப் போட்டிருக்கான்னு பாரு. காத்து வடிகட்டியைத் திறக்கச் சொல்லு, சேறு இருக்கான்னு...

மனைவி: சிவப்புக்கு இப்படி ஒரு கேள்விகூட நீங்க கேக்கலையே?

கணவர்: ...சும்மா, பொழுது போகலை.

மனைவி: தம்பி, இது என்ன, கேரியர் மேல ரெண்டு டப்பா?

கடைக்காரர்: ஸ்பீக்கர்க்கா! முன்னாடி வச்சிருந்தவர் ஆசையா மாட்டினது. பாட்டு போட்டா மலையே அதிரும். கீழ கலர் லைட் வேற சுத்திச் சுத்தி எரியும்.

மனைவி: நாங்க தேனீகிட்டப் போறோம், கல்யாண ஊர்வலமா போறோம்? இந்தச் சத்தத்தோட பெட்டிப் பக்கம் போனா மூஞ்சி மூஞ்சியா இருக்காது. எல்லாத்தையும் கழட்டிக்கோங்க. கழட்டிட்டு, சிவப்போட விலைக்குக் கொடுங்க.

கடைக்காரர்: அக்கா! ஸ்பீக்கரைக் கழட்டினதுக்குப் பாதி வண்டியையே கேக்கறீங்களே.

மனைவி: வலது பக்கம் பின்டயர் தேஞ்சிருக்கு. அதையும் சேத்துக்கோங்க.

கடைக்காரர்: உண்மையைச் சொல்லிடறேன். வேற யாரும் கேக்கலைன்னா குறைச்சுத் தந்துடுவேன், இடத்தை அடைச்சுக்கிட்டுத்தான் நிக்குது. ஆனா இன்னொரு பார்ட்டி கேட்டிருக்கார். சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்னார்.

மனைவி: எல்லாக் கடையிலயும் அப்படி ஒரு பார்ட்டி இருப்பார். ஒருத்தரும் கண்ணால பாத்ததில்லை.

கடைக்காரர்: நானும் பாக்கலை. முந்தாநாள் போன் பண்ணார். குரல் வேற ஒரு மாதிரி... வாய்ல துண்டை வச்சுக்கிட்டுப் பேசற மாதிரி. சனிக்கிழமை கூட்டம் இல்லாத நேரமா வரேன், தனியா ஓட்டிப் பாக்கணும், நீங்ககூட பக்கத்துல நிக்கக் கூடாதுன்னார்.

மனைவி: வண்டியைப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?

கடைக்காரர்: ஒரே ஒரு கேள்விதான். ஓட்டும்போது இடது காலுக்கு ஏதாவது வேலை இருக்கான்னு.

மனைவி: இடது காலுக்கா?

கணவர்: சிவப்பே எடுத்துடலாம். நேரமாச்சு, வா.

மனைவி: நீங்க எதுக்கு எழுந்துக்கறீங்க? உக்காருங்க... தம்பி, அந்தப் பார்ட்டி வேண்டாம்னு சொல்லிட்டா, என் விலைக்குக் கொடுப்பீங்களா?

கடைக்காரர்: அவர் ஏன்க்கா வேண்டாம்னு சொல்லப் போறார்? அவ்வளவு ஆசையா பேசினார்.

மனைவி: சொன்னா?

கடைக்காரர்: சொன்னா... சரி, தந்துடறேன். டயரையும் மாத்தித் தரேன். போதுமா?

மனைவி: வாக்கு மாறக் கூடாது. போனைப் போடுங்க.

கணவர்: எதுக்கு முன்பின் தெரியாத மனுஷனைத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? வேலையா இருப்பார்.

மனைவி: ஒரு வேலையும் இல்லாம நாற்காலியில உக்காந்திருப்பார். போடுங்க தம்பி.

கடைக்காரர்: போடறேன்... ரிங் போகுது... அண்ணே, உங்க சட்டைப் பையில...

கணவர்: என் சட்டைப் பையில ஒண்ணுமில்லை.

கடைக்காரர்: அண்ணே, உங்க போன்தான் அடிக்குது... அடடே!

மனைவி: ஏங்க... என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?

கணவர்: என்னன்னு சொல்றது? ஏறி உக்காந்து, ஓட்ட முடியாம நின்னுட்டேன்னா... அதை நீ பாக்க வேணாம்னு நினைச்சேன். அதான் பச்சைப் பக்கம் போக விடாம சிவப்பு, சிவப்புன்னேன். முடிஞ்சா, அன்னிக்கே உன் தம்பியை வர வேணாம்னு சொல்லிட்டு, நேரா மலைக்கு ஏறிடலாம்னு... விடு. எனக்கும் அந்தப் பெட்டியெல்லாம் வேணும்டி.

மனைவி: நான் மட்டும் யாருக்காக வேணும்னே இன்ஜினை அணைச்சுட்டு நிக்கிறேன்? எடுங்க. பாவம், லைன்ல ஒரு மனுஷன் காத்துக்கிட்டிருக்கார்.

கணவர்: ஹலோ... ஆமா தம்பி, நான்தான். அந்தப் பச்சை வண்டியை எனக்குன்னு எடுத்து வைக்க வேணாம்... என் பொண்டாட்டி எனக்கு வாங்கிட்டா.