ரூடி என்னைக் கூப்பிடவில்லை

பெயர்: தம்பித்துரை குலேந்திரன். வயது: 27. பிறந்த இடம்: கொக்குவில், யாழ்ப்பாணம். தொழில்: மலை ஹோட்டலில் குசினி உதவியாளர். முகவரி: அதே ஹோட்டலின் பணியாளர் விடுதி, மூன்றாம் மாடி. அகதி விண்ணப்பம் விசாரணையில் உள்ளது. பதிவு செய்த நாள்: 1986 மார்ச் 13, வியாழக்கிழமை, காலை 9.20. மொழிபெயர்ப்பாளர்: திருமதி யசோதரா.

மேற்படி முகவரியில் வசிக்கும் நான், ஒருவரும் அழைக்காமல் நானாகவே பொலிஸ் நிலையத்துக்கு வந்து கூறுவதாவது: கடந்த செவ்வாய்க்கிழமை இதே அறையில் நான் கொடுத்த வாக்குமூலத்தில், எங்கள் ஹோட்டல் சமையற்காரர் ரூடி என்னைப் பனிச் சாய்வுக்குள் வரச்சொல்லிக் கூப்பிட்டார் என்றும், அதனால்தான் பனி உடைந்தது என்றும் சொன்னேன். அது பிழை. அந்தப் பிழையை வைத்து என் நண்பர் செபஸ்ரியன் றேமன்டின் சாவுக்கு ரூடியே பொறுப்பு என்று வழக்கு எழுதப்படுகிறது. ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

றேமன்ட் மன்னாரைச் சேர்ந்தவர், வயது 29. அவரும் நானும் இரண்டு வருடமாக ஒரே அறையில் இருந்து, ஒரே குசினியில் கோப்பை கழுவினோம். கோப்பைகள் குவிந்தால் றேமன்ட் என்னை "வாடா" என்று கத்திக் கூப்பிடுவார். அதைக் கேட்டுக் கேட்டு ரூடியும் அந்தச் சொல்லைப் பழகிக்கொண்டார். பிறகு எங்களை மட்டுமல்ல, ஹோட்டல் பூனையையும் அவர் வாடா என்றுதான் கூப்பிட்டார்.

10ஆம் திகதி திங்கட்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள். அன்று காலை ஆறரை மணிக்கு ரூடி, றேமன்ட், நான் மூவரும் ஸ்கீப் பலகை கட்டிக்கொண்டு மலை ஏறப் புறப்பட்டோம். ஸ்கீக்கு அடியில் வழுக்காமல் இருக்க ரூடி ரோமப்பட்டை ஒட்டித் தந்தார். அதன் பின் ஆளுக்கொரு சிறிய கருவியைக் கழுத்தில் மாட்டிவிட்டு, பனிக்குள் ஒருவர் புதைந்தால் அவருடைய கருவியின் சத்தத்தை மற்றவரின் கருவி காட்டிக்கொடுக்கும் என்று விளங்கப்படுத்தினார். றேமன்ட் அதை ஆட்டிப் பார்த்து, "மாட்டுக்கு மணி கட்டின மாதிரிக் கிடக்கு" என்று சிரித்தார். ஏறும் வழியில் நாங்கள் பிந்திய ஒவ்வொரு வளைவிலும் ரூடி திரும்பி நின்று வாடா என்று கூப்பிட்டார். பத்து மணியளவில் ஒரு பாறையடியில் குந்தியிருந்து, றேமன்ட் கொண்டுவந்த றொட்டியையும் சம்பலையும் மூவரும் சாப்பிட்டோம். சம்பல் உறைத்து ரூடிக்குக் கண்ணீர் வந்தது. அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

அதன் பின் ஏறக்குறைய நூற்றைம்பது மீற்றர் அகலமான செங்குத்துச் சாய்வு ஒன்றைக் குறுக்காகக் கடக்க வேண்டியிருந்தது. ஒருவர் அக்கரை சேர்ந்து, தான் கூப்பிட்ட பிறகே அடுத்தவர் இறங்கவேண்டும் என்று ரூடி விரலை நீட்டி இரண்டு தரம் சொல்லிவிட்டு, முதலில் தான் கடந்துபோய்ப் பாறைக்குப் பக்கத்தில் நின்று றேமன்டைக் கூப்பிட்டார். றேமன்ட் சிலுவை போட்டுக்கொண்டு, "நான் முதல் போறன். அவன் கூப்பிட்டாப் பிறகு நீ வா, என்ன?" என்றார். நான் ஓம் என்றேன். எங்களுக்குள் கடைசியாகக் கதைத்தது அதுதான்.

சாய்வின் நடுவில் ஒரு பனிமேடு இருந்தது. றேமன்ட் அதைத் தாண்டிய பின் எனக்குத் தெரியவில்லை. அவருடைய ஸ்கீப் பூட்டுக் கழன்று, அவர் மேட்டுக்கு அப்பால் குனிந்து அதைப் பூட்டிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் அக்கரை சேர்ந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். அந்த நேரம் ரூடி கையைத் தூக்கிக் கத்தினார். காற்று பலமாக இருந்தது. என் காதில் வாடா என்று விழுந்தது. நான் இறங்கினேன். முப்பது மீற்றர் போயிருப்பேன். ஒரு பெரிய கதவை அடித்துச் சாத்தியது போலச் சத்தம் கேட்டது. எனக்கு மேலே பனி கோடு கிழித்தது. என்னை ஓரத்தில் தூக்கி எறிந்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் கீழே கொண்டுபோனது.

அதன் பின் ரூடி தன் கருவியைக் காதில் வைத்துத் தேடினார். நான் கையால் கிண்டினேன். நாற்பது நிமிடத்தின் பின் றேமன்டைக் கண்டெடுத்தோம். உயிர் இல்லை. அவருடைய கருவி மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

11ஆம் திகதி உத்தியோகத்தர் என்னிடம், தான் பொறுக்கச் சொன்னதாக ரூடி சொல்கிறாரே என்று கேட்டபோது, "அவர் பொய் சொல்லுறார்" என்றேன்.

12ஆம் திகதி றேமன்டின் பொருட்களை வாங்க இங்கு வந்தேன். இதே உத்தியோகத்தர் நடையில் என்னைக் கண்டு ஒரு சொல் சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். நான் எழும்பி அவருக்குப் பின்னால் போனேன். அவர் திரும்பி, நான் இருந்த வாங்கைக் கையால் காட்டி, அதே சொல்லை ஆறுதலாக, பிரித்துப் பிரித்துச் சொன்னார். "வார்ட் டா." அதாவது, இங்கேயே பொறு. எங்கள் குசினியில் பொறு என்பதற்கு "மொமென்ட்" என்றுதான் சொல்வார்கள். இந்த நாட்டு மொழி வகுப்பில், பொறுத்திருப்பதற்குப் படித்த "வார்ட்டன்" எனக்குத் தெரியும். அது வாயில் தேய்ந்து இப்படி வரும் என்று தெரியாது. ரூடி அன்று கத்தியது அந்தச் சொல்தான்.

நேற்று மாலை, பேர்ணிலிருந்து பிரேதம் பார்க்க வந்த கனகரத்தினம் அண்ணையிடம் இதைச் சொன்னேன். அவர், "வாயைப் பொத்திக்கொண்டு இரும் தம்பி. உம்மட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. பிழை உம்மில எண்டு எழுதினா உம்மைத்தான் திருப்பி நாட்டுக்கு ஏத்தி அனுப்புவாங்கள்" என்றார். அவர் என் நன்மைக்குத்தான் சொன்னார். எனக்கும் பயம்தான். ஆனால் ரூடி பொய் சொன்னார் என்று நான் சொன்னதை இத்தால் மீளப் பெறுகிறேன். அவர் கூப்பிடாமல் இறங்கியவன் நான்.

ரூடி அந்தச் சாய்வில் வாடா என்ற தமிழ்ச் சொல்லைச் சொல்லவே இல்லையா என்று உத்தியோகத்தர் இப்போது கேட்கிறார். சொன்னார். பனியைக் கிண்டி றேமன்டின் முகம் தெரிந்தவுடன், ரூடி அவருடைய வாயிலிருந்த பனியை விரலால் எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டு, வாடா, வாடா, வாடா என்று கூப்பிட்டார். அப்போது காற்று நின்றிருந்தது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் கூப்பிட்டது என்னை அல்ல.

மேலே எழுதியதைத் திருமதி யசோதரா தமிழில் வாசித்துக் காட்டினார். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் கேட்டு, அத்தனையும் உண்மை என்று கண்டு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) த. குலேந்திரன்